சின்னக் கல்லூரியில் உயிரியல்: கலிஃபோர்னியாவில் அசோசியேட் பட்டம் படிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூவில் நான் வணிகவியல் குரூப். பி.காம். முதல் வருடம் படிக்கும்போது கல்யாணம், அடுத்த ஆறாவது மாதம் அமெரிக்கா. பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருந்த ஒரு சின்ன கம்யூனிட்டி காலேஜில் (அரசு நடத்தும் இரண்டு வருடக் கல்லூரி) உயிரியல் சேர்ந்தேன். அப்போது வயது முப்பத்திரண்டு. இரண்டு வருடத்தில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு மூன்று வருடம் இழுத்தது. பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறி, பட்டம் வாங்கி, இப்போது ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

அந்த ஒரு வருடம் எங்கே போனது? முதல் செமஸ்டரில் நான் கெமிஸ்ட்ரி எடுக்கவில்லை. அவ்வளவுதான். "முதலில் பொதுப் பாடங்களை முடி, அறிவியலை அப்புறம் பார்க்கலாம்" என்று அங்கே ஒருவர் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். அதே யோசனையைக் கேட்டுவிட்டு எனக்கு இன்றைக்கும் போன் செய்யும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இது என்ன படிப்பு?

அசோசியேட் பட்டம் என்பது 60 செமஸ்டர் யூனிட் கொண்ட இரண்டு வருடப் பட்டம். இதை முடித்துவிட்டு நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக மூன்றாம் ஆண்டில் சேரலாம். அமெரிக்காவில் இன்றும் நடந்துவரும் அரசு கம்யூனிட்டி காலேஜ்களில் மிகப் பழையது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901-இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் முதலாவது 1910-இல் ஃபிரெஸ்னோவில் வந்தது. இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. சில கல்லூரிகளில் முப்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். மலையடிவார ஊர்களில் இருப்பவற்றில் இரண்டாயிரம் பேர் இருந்தாலே பெரிது.

நம் சொந்தக்காரர்கள் சிலர் இந்தக் கல்லூரிகளின் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறிந்தவர்களில் ஒருவரான கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியதும் காலேஜ் ஆஃப் சான் மேட்டியோ என்ற கம்யூனிட்டி காலேஜில்தான் படிப்பைத் தொடங்கினார். அங்கிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்கு மாறினார். 1984-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற புரூஸ் மெரிஃபீல்டும் பாசடீனா ஜூனியர் காலேஜில் தொடங்கி யூ.சி.எல்.ஏ.வுக்குப் போனவர்தான்.

படி 1: கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள்

சேருவதற்கு முன்பே, இரண்டு வருடம் கழித்து எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) சேரப் போகிறீர்கள் என்று இரண்டு மூன்று பெயர்களையாவது எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. எழுதாமல் மட்டும் தொடங்காதீர்கள்.

காரணம் இதுதான். கம்யூனிட்டி காலேஜ் பட்டத்துக்கு ஒரு பாடப் பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகம் எதிர்பார்ப்பது வேறொரு பட்டியல். இரண்டும் பாதிக்கு மேல் ஒத்துப்போகும், முழுக்க ஒத்துப்போகாது. கலிஃபோர்னியாவில் இதற்கென்றே அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற இணையதளம் இருக்கிறது. உங்கள் கல்லூரி, போக விரும்பும் யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அல்லது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகம், மேஜர் ஆகிய மூன்றையும் கொடுத்தால், அங்குள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் ஈடாக உங்கள் கல்லூரியில் எது என்று அருகருகே காட்டும். மூன்று வளாகங்களுக்கு மூன்று தாள் பிரின்ட் எடுத்து மேசைமேல் பரப்புங்கள். மூன்றிலும் வருகிற பாடங்களுக்குப் பச்சை மார்க்கர், ஒன்றில் மட்டும் வருபவற்றுக்கு மஞ்சள். பச்சையெல்லாம் கட்டாயம், மஞ்சளை அப்புறம் பார்க்கலாம்.

நான் பார்த்தவரை பச்சையில் வருபவை: லேபுடன் ஒரு வருட உயிரியல், லேபுடன் ஒரு வருட ஜெனரல் கெமிஸ்ட்ரி, கால்குலஸ். பல யூ.சி. வளாகங்கள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் கேட்கும், சில இயற்பியலும் கேட்கும். இவை எல்லாவற்றையும் கூட்டினால் 40 யூனிட்டைத் தாண்டிவிடும். அதற்கு மேல் ஆங்கிலம், வரலாறு, கலை என்று பொதுக்கல்விப் பாடங்கள். 2025 இலையுதிர் காலத்திலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்கு யூ.சி., கால் ஸ்டேட் இரண்டுக்கும் பொதுவாக கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல் வந்துவிட்டது. பழைய ஐகெட்சி பட்டியலை வைத்து அறிவுரை சொல்லும் அண்ணன் அக்காமார் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்த காலத்துக்கு அது சரி.

படி 2: விசாவும் பணமும்

கலிஃபோர்னியாவில் வசிப்பவராகக் கணக்கில் வந்தால் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். இதையும் தள்ளுபடி செய்யும் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் இருக்கிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பம் போட்டு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து பெல் கிராண்ட் வாங்கலாம். 2025-26-இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். இது திருப்பிக் கட்ட வேண்டாத பணம், கடன் இல்லை.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கான விசா) இருப்பவர்கள் படிக்கத் தடையில்லை. மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்ததைக் காட்டினால் 46 டாலர் கட்டணமே கிடைக்கும். ஆனால் மத்திய அரசின் உதவிப்பணம் கிடையாது. பிள்ளைகளுக்கு 21 வயது முடிந்ததும் எச்-4 போய்விடும், அதற்குள் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்காத குடும்பங்கள் கடைசி நேரத்தில் படும் பாடு கொஞ்சமல்ல. எஃப்-1-இல் இருப்பவர்கள் வெளிமாநிலக் கட்டணம் கட்ட வேண்டும், அது பல மடங்கு. அவர்கள் செமஸ்டருக்கு 12 யூனிட்டுக்குக் குறையக் கூடாது, அந்தப் பன்னிரண்டில் முழுக்க ஆன்லைனில் நடக்கும் வகுப்பு ஒன்றைத்தான் கணக்கில் சேர்க்கலாம்.

ஊரில் ஏற்கெனவே பி.எஸ்ஸி.யோ பி.டெக்.கோ முடித்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். யூ.சி. வளாகங்கள் பொதுவாக இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு ஆள் எடுப்பதில்லை. அதனால் உங்களுக்கு அசோசியேட் பட்டம் அநேகமாகத் தேவைப்படாது. பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்கிக்கொண்டு, போகவிருக்கும் முதுநிலைப் படிப்போ மருத்துவ ஆய்வகச் சான்றிதழோ எந்தெந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று பார்த்து, குறைகிற பாடங்களை மட்டும் கம்யூனிட்டி காலேஜில் எடுத்தால் போதும்.

படி 3: எந்த உயிரியல்?

கல்லூரியின் பாடப் பட்டியலைத் திறந்தால் உயிரியல் என்ற பெயரில் பத்து பன்னிரண்டு பாடங்கள் இருக்கும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அவை மூன்று வகை.

அறிவியல் படிக்காதவர்களுக்கான பொது உயிரியல் ஒரு வகை: மனித உயிரியல், கடல்வாழ் உயிரினங்கள், சுற்றுச்சூழல் என்றெல்லாம் பெயர் இருக்கும். நல்ல பாடங்கள்தான், ஆனால் மேஜருக்குக் கணக்கில் வராது. நர்ஸிங் போகிறவர்களுக்கான அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி இரண்டாவது வகை. மூன்றாவதுதான் உயிரியல் மேஜருக்கான தொடர்: ஒரு செமஸ்டர் செல், மூலக்கூறு, மரபியல், இன்னொரு செமஸ்டர் பரிணாமம், உயிரின வகைகள், சூழலியல். சில கல்லூரிகள் இதை மூன்றாகவும் பிரிக்கும்.

"மருத்துவம் தொடர்பாகத்தானே போகப் போகிறேன், அனாட்டமி எடுத்தால் இரட்டை லாபம்தானே" என்று ஒரு பையன் கேட்டான். இல்லை தம்பி. அனாட்டமியில் ஏ வாங்கினாலும், யூ.சி.யில் உயிரியல் மேஜருக்கு அது இந்தத் தொடருக்கு ஈடாகாது. நர்ஸிங்கா, உயிரியல் பட்டமா என்பதை முதல் செமஸ்டர் முடிவதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு தோணியில் கால் வைத்தால் இரண்டு பட்டியலும் அரைகுறையாக நிற்கும்.

படி 4: கெமிஸ்ட்ரிச் சங்கிலி

இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

செல்லும் மூலக்கூறும் படிக்கும் அந்த உயிரியல் பாடத்துக்கு, பல கல்லூரிகளில் ஜெனரல் கெமிஸ்ட்ரியின் முதல் பகுதியை முடித்திருக்க வேண்டும். ஜெனரல் கெமிஸ்ட்ரியில் சேர, பள்ளியில் வேதியியல் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அறிமுகக் கெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர். ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டையும் முடித்தால்தான் ஆர்கானிக் முதல் பகுதி. அதை முடித்தால்தான் இரண்டாம் பகுதி. எண்ணிப் பாருங்கள்: அறிமுகம், ஜெனரல் ஒன்று, ஜெனரல் இரண்டு, ஆர்கானிக் ஒன்று, ஆர்கானிக் இரண்டு. ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. மொத்தம் ஐந்து செமஸ்டர். இரண்டு வருடத்தில் இருப்பதோ நான்கு.

பெரிய கல்லூரியில் ஒரு பாடம் தவறினால் அடுத்த செமஸ்டரில் எடுத்துக்கொள்ளலாம். சின்னக் கல்லூரியில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியின் முதல் பகுதி இலையுதிர் காலத்தில் மட்டும், இரண்டாம் பகுதி வசந்தத்தில் மட்டும் நடக்கும். ஒரு செமஸ்டர் பிந்தினால் ஒரு வருடம் பிந்தியதாக அர்த்தம். எனக்கு நடந்தது அதுதான். முதல் செமஸ்டரில் ஆங்கிலமும் உளவியலும் ஓவியமும் எடுத்தேன், எல்லாவற்றிலும் ஏ. சந்தோஷமாக இருந்தேன். அடுத்த ஆகஸ்டில்தான் என் கணக்குப் புரிந்தது.

ஆகவே, கெமிஸ்ட்ரிப் பின்னணி இல்லாதவர்கள் கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய கோடையிலேயே அறிமுகக் கெமிஸ்ட்ரியை முடித்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம், தினமும் வகுப்பு, மூச்சு முட்டும். ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி கழன்றுவிடும். அதன் பிறகு ஏறக்குறைய இப்படி அமையும்:

- முதல் இலையுதிர்: ஜெனரல் கெமிஸ்ட்ரி 1, ப்ரீகால்குலஸ், ஆங்கிலம்
- முதல் வசந்தம்: ஜெனரல் கெமிஸ்ட்ரி 2, உயிரியல் 1, கால்குலஸ்
- இரண்டாம் இலையுதிர்: ஆர்கானிக் 1, உயிரியல் 2, ஒரு பொதுப் பாடம்
- இரண்டாம் வசந்தம்: ஆர்கானிக் 2, புள்ளியியல், பொதுப் பாடங்கள்

மிச்சமுள்ள பொதுப் பாடங்களை நடுவில் வரும் கோடையில் ஆன்லைனில் முடிக்கலாம். இயற்பியலும் தேவைப்பட்டால் இரண்டு வருடம் போதாது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலை பார்த்துக்கொண்டு, குழந்தையையும் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் மூன்று வருடத் திட்டமாகவே போடுங்கள், ஆனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு கெமிஸ்ட்ரி இருக்கட்டும்.

யூனிட் எண்ணிக்கையை நம்பி ஏமாறாதீர்கள். உளவியல் 3 யூனிட் என்றால் வாரம் 3 மணி நேரம் வகுப்பு. உயிரியல் 5 யூனிட் என்றால் பெரும்பாலும் 3 மணி நேர விரிவுரையும் 6 மணி நேர லேபும், ஆக 9 மணி நேரம். கெமிஸ்ட்ரியும் அப்படியே. இரண்டையும் சேர்த்தால் 10 யூனிட்தான், ஆனால் கல்லூரியிலேயே வாரம் 18 மணி நேரம் இருப்பீர்கள். வீட்டில் படிப்பது தனி. வேலை நேரத்தைப் பேசி முடிவு செய்வதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

படி 5: இடம் பிடிப்பது

அறிமுகக் கூட்டம், கவுன்சிலரோடு (கல்லூரியின் படிப்பு ஆலோசகர்) போடும் கல்வித் திட்டம் ஆகியவற்றை முடித்தவர்களுக்குப் பதிவு செய்யும் தேதி முன்னதாகக் கிடைக்கும். ஆகவே அவற்றை வசந்தத்திலேயே முடியுங்கள். வெளிநாட்டில் படித்த கணக்கு, வேதியியலுக்கு விலக்கு கேட்பதென்றால் மதிப்பெண் பட்டியலோடு விண்ணப்பிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும்.

வகுப்பு நிரம்பிவிட்டால் வெயிட்லிஸ்ட். நம்பிக்கை இழக்காமல் முதல் நாள் வகுப்புக்குப் போய் உட்காருங்கள். முதல் நாள் வராதவர்களின் பெயரை ஆசிரியர் எடுத்துவிடலாம், அந்த இடம் வந்து உட்கார்ந்திருப்பவருக்குப் போகும். நான் உயிரியல் 1-இல் சேர்ந்ததே அப்படித்தான், வெயிட்லிஸ்டில் நான்காவது ஆள்.

சின்னக் கல்லூரியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆள் குறைவாக இருந்தால் வகுப்பையே ரத்து செய்துவிடுவார்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் அதே பாடம் எந்த நேரத்தில் நடக்கிறது, அதுவும் அசிஸ்டில் ஈடாக வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருங்கள். உயிரியல் தொடரில் முதல் பகுதியை ஒரு கல்லூரியிலும் இரண்டாம் பகுதியை இன்னொன்றிலும் எடுக்கும்போது கவனம் வேண்டும். பாடங்களைப் பிரித்திருக்கும் விதம் மாறினால் ஒரு பகுதி இரண்டு தடவை வரும், இன்னொரு பகுதி வராமலே போகும்.

படி 6: லேப்

சின்னக் கல்லூரியின் செல்வம் லேப்தான். பெரிய பல்கலைக்கழகத்தில் முந்நூறு பேர் அரங்கத்தில் விரிவுரை கேட்பார்கள், லேபை முதுநிலை மாணவர் யாராவது நடத்துவார். இங்கே காலையில் பாடம் நடத்திய அதே ஆசிரியர்தான் மத்தியானம் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று மைக்ரோஸ்கோப்பை எட்டிப் பார்ப்பார். எங்கள் லேபில் இருபத்துநான்கு பேர். கருவி பழசாக இருக்கலாம், ஆனால் உங்கள் கைக்கு வரும்.

முதல் வாரத்திலேயே மைக்ரோபிப்பெட்டைக் கையில் தருவார்கள். பேனா மாதிரி இருக்கும், மேலே கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான். மெதுவாக அழுத்தினால் ஓர் இடத்தில் தடுக்கும். இன்னும் பலமாக அழுத்தினால் இரண்டாவது தடுப்பு. திரவத்தை எடுக்கும்போது, வெளியிலேயே முதல் தடுப்புவரை அழுத்திக்கொண்டு, முனையைத் திரவத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நுழைத்து, கட்டைவிரலை மெல்ல மெல்ல விட வேண்டும். விடும்போது முதல் தடுப்பு, அதையும் தாண்டி இரண்டாவது தடுப்பு. புதிதாக வருபவர்கள் எடுக்கும்போதே இரண்டாவது தடுப்புவரை அழுத்திவிடுவார்கள். அளவு கூடிவிடும், பார்த்தால் தெரியாது, மூன்று வாரம் கழித்துச் சோதனை முடிவு கோணலாக வரும்.

கையைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. 100 மைக்ரோலிட்டர் தண்ணீரின் எடை 0.1 கிராம். தராசில் ஒரு சின்னத் தட்டை வைத்து எடையைச் சுழியாக்கி, 100 மைக்ரோலிட்டரைப் பத்துத் தடவை விடுங்கள். ஒவ்வொரு தடவையும் 0.1 கூட வேண்டும். எனக்கு முதல் நாள் 0.11, 0.08, 0.12 என்று ஆடியது. மூன்றாவது வாரம் பத்துத் தடவையும் ஒரே சீராக வந்தபோது ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலைக்கான நேர்காணலில் என்னை முதலில் செய்துகாட்டச் சொன்னதும் இதைத்தான்.

மைக்ரோஸ்கோப்பில் எப்போதும் 4 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். பெரிய திருகு அங்கே மட்டும்தான். 10, 40 என்று ஏற ஏறச் சின்னத் திருகை மட்டும் தொடுங்கள், இல்லையென்றால் லென்ஸ் கண்ணாடித் தகட்டில் இடித்து உடைக்கும். வெங்காய வேர்நுனியில் செல் பிரிவதைப் பார்க்கும் நாள் வரும். நுனியின் மூடியைத் தாண்டி, அதற்குச் சற்று மேலே, செல்கள் சின்னச் சின்னச் சதுரமாக அடுக்கியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். நீளமான செல்கள் தெரிந்தால் மேலே அதிகம் போய்விட்டீர்கள். நூறு செல்லை எண்ணச் சொல்வார்கள். பெரும்பாலானவை பிரியாமல் சும்மா இருப்பதுபோல் தெரியும். அவை சும்மா இல்லை, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. எத்தனை செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற விகிதமே அந்தக் கட்டத்துக்கு ஆகும் நேரத்தின் விகிதம். அசையாத ஒரு தகட்டிலிருந்து நேரத்தை அளக்க முடியும் என்று புரிந்த அன்றைக்குத்தான் இந்தப் படிப்பை விடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

லேப் ரிப்போர்ட்டில் சோதனை உங்கள் கருதுகோளை "நிரூபித்தது" என்று எழுதாதீர்கள், "ஆதரிக்கிறது" என்று எழுதுங்கள். முடிவு தவறாக வந்திருந்தால் அப்படியே எழுதி, காரணம் என்னவாக இருக்கலாம் என்று யோசியுங்கள். பக்கத்து மேசையின் எண்களை வாங்கி எழுதினால் ஆசிரியருக்கு உடனே தெரியும்.

லேப் தேர்வு வேறு மாதிரி. மேசைக்கு மேசை எண் வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ நின்று பதில் எழுதிவிட்டு நகர வேண்டும். அறுத்து வைத்த பன்றிக்கருவில் ஊசி குத்தி, "இது என்ன, இதன் வேலை என்ன" என்று கேட்டிருக்கும். எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும். அனுமதி கேட்டு லேபில் படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் பெயர் தெரியாத படங்களாக வைத்துப் பழகுங்கள். படத்தைப் பார்த்துப் பெயரை எழுத வேண்டும், வாயால் சொன்னால் போதாது.

படி 7: படிப்பது எப்படி

நம் ஊரில் படித்தவர்களுக்கு மனப்பாடம் கைவந்த கலை. அது வீணில்லை, உயிரியலில் சொற்கள் ஆயிரக்கணக்கில் வரும். ஆனால் தேர்வில் கேட்பது வேறு. "சோடியம்-பொட்டாசியம் பம்ப் எத்தனை அயனிகளைக் கடத்துகிறது" என்று கேட்க மாட்டார்கள். "ஒரு நஞ்சு ஏ.டி.பி. உற்பத்தியை நிறுத்துகிறது. செல்லுக்குள் சோடியம் என்ன ஆகும்? செல் உப்புமா, சுருங்குமா?" என்று கேட்பார்கள். 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே என்று தெரிந்திருப்பது தொடக்கம்தான். அங்கிருந்து, பம்புக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. தீர்ந்து பம்ப் நின்றால் சோடியம் உள்ளே தேங்கும், அதைத் தொடர்ந்து தண்ணீர் வரும், செல் உப்பும் என்று நடந்து போகத் தெரிய வேண்டும்.

எனக்குப் பலன் தந்த முறை வெள்ளைத் தாள். பாடம் முடிந்த அன்று இரவு, புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதை நினைவிலிருந்து படமாக வரைவேன். செல் சவ்வு, அதில் பம்ப், இரு பக்கமும் அயனிகள், அம்புக்குறிகள். தெரியாத இடத்தில் வட்டம் போட்டு வெற்றாக விடுவேன். பிறகு புத்தகத்தைத் திறந்து அந்த வட்டங்களை மட்டும் சிவப்பு மையில் நிரப்புவேன். மூன்று நாள் கழித்துப் புதுத் தாளில் மறுபடியும். சிவப்பு குறைந்துகொண்டே வரும். வண்ண வண்ணமாகக் கோடிட்டு நான்கு தடவை வாசித்த செமஸ்டரில் எனக்கு பி, வெள்ளைத் தாள் செமஸ்டரில் ஏ.

தமிழ் வழியில் பள்ளி படித்தவர்கள் அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். ஆஸ்மாஸிஸ் என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பில் பலருக்கு அது ஒரு புது ஒலி மட்டும்தான். எனக்கு எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் படித்த "சவ்வூடு பரவல்" ஞாபகம் வந்தது. சவ்வின் ஊடே பரவுதல். அர்த்தம் பெயரிலேயே இருக்கிறது. ஒளிச்சேர்க்கை என்று தமிழ்நாட்டிலும் ஒளித்தொகுப்பு என்று இலங்கையிலும் சொல்வது ஒன்றைத்தான். இரண்டுமே ஒளியைக் கொண்டு எதையோ சேர்த்துக் கட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுகின்றன. நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லையும் எழுதி வையுங்கள். தேர்வு ஆங்கிலத்தில்தான், புரிதலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

புத்தகத்துக்கு நூற்றுக்கணக்கில் செலவழிக்கும் முன், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இணையத்தில் இலவசமாகத் தரும் உயிரியல், வேதியியல் பாடநூல்களைப் பாருங்கள். பல ஆசிரியர்கள் அவற்றையே பாடநூலாக வைக்கிறார்கள்.

படி 8: ஆசிரியரிடம் போங்கள்

ஆபீஸ் அவர்ஸ் என்பது ஆசிரியர் அறைக்கு நீங்கள் போய்க் கேள்வி கேட்பதற்கென்றே ஒதுக்கிய நேரம். நம் பிள்ளைகள் போவதே இல்லை. ஆசிரியர் அறைக்குப் போவது தப்பு செய்தவர்கள்தான் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. நானும் ஆறு வாரம் கழித்துத்தான் போனேன். கதவு திறந்தே இருந்தது, உள்ளே ஒருவரும் இல்லை, அவர் தனியாக உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

போகும்போது "ஒன்றும் புரியவில்லை" என்று போகாதீர்கள். வெள்ளைத் தாளைக் கொண்டுபோய், "இதுவரை வருகிறது, இந்த வட்டத்தில் நிற்கிறது" என்று காட்டுங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடியும். சில ஆசிரியர்கள் பகுதிநேரமாக இரண்டு மூன்று கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்கள், அவர்களுக்கு அறையே இருக்காது. அவர்களை லேப் முடிந்ததும் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

யூ.சி.க்கு மாறப் பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. ஆனால் தனியார் கல்லூரிகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் கோடைக்கால ஆராய்ச்சி வாய்ப்புகளுக்கும் தேவை. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தரும் ஆர்.ஈ.யூ. என்ற கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், சம்பளமும் உண்டு. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களும் தகுதியானவர்களே. லேபில் உங்கள் கையைப் பார்த்த ஆசிரியர் எழுதும் கடிதம், முந்நூறு பேர் வகுப்பில் உங்கள் பெயரைப் பட்டியலில் தேடி எழுதும் கடிதத்தைவிடப் பல மடங்கு கனமானது.

பல்கலைக்கழகம் வேண்டாம், சீக்கிரம் வேலை வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பல கல்லூரிகளில் பயோடெக் சான்றிதழ் நடத்துகிறார்கள். ஓஷன்சைடின் மீராகோஸ்டா காலேஜும் சொலானோ காலேஜும் உயிர்ப்பொருள் உற்பத்தியில் நான்கு வருடப் பட்டமே தருகின்றன, அதுவும் கம்யூனிட்டி காலேஜிலேயே.

படி 9: விண்ணப்பமும் தேதிகளும்

இரண்டாம் வருடம் தொடங்கியதும் தேதிகள் துரத்தத் தொடங்கும். யூ.சி.யின் டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் டேக் என்ற உத்தரவாதச் சேர்க்கையைத் தருகின்றன. குறித்த பாடங்களையும் குறித்த ஜி.பி.ஏ.வையும் (சராசரி கிரேடு மதிப்பு) எட்டினால் இடம் உறுதி. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், அதை செப்டம்பர் 1 முதல் 30-க்குள் போட வேண்டும். உயிரியல் மேஜர்களுக்குப் பொதுத் தகுதியைவிடக் கூடுதல் நிபந்தனை இருக்கும், சில மேஜர்களுக்கு டேக் கிடையாது. அந்த வருடத்துக்கான அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதில் இல்லை.

டேக் போட்டாலும் வழக்கமான விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும். யூ.சி.யும் கால் ஸ்டேட்டும் அக்டோபர் 1 முதல் விண்ணப்பத்தை வாங்கும், நவம்பர் இறுதிவாக்கில் மூடும். டேக் கிடைத்துவிட்டது என்று இதை விட்டவர்கள் உண்டு. அது கிடைக்காதது போலத்தான்.

கிரேடு சரிகிறது என்று தெரிந்தால், கைவிடும் கடைசித் தேதிக்கு முன் ஆசிரியரிடம் பேசுங்கள். டபிள்யூ (பாடத்தைக் கைவிட்டதற்கான குறி) ஒன்று இருந்தால் உலகம் முடியாது, டி அல்லது எஃப் இருந்தால் சங்கிலி அறும். ஆனால் எஃப்-1-இல் இருப்பவர்கள் 12 யூனிட்டுக்குக் கீழே போகும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் எதையும் கைவிடக் கூடாது.

கடைசியாக இரண்டு காகித வேலை. அசோசியேட் பட்டம் தானாக வந்து சேராது, கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் வசந்தத்தில் ஒரு தேதி இருக்கும். அப்புறம், மே மாதத் தேர்வு முடிந்ததும் டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரி தரும் கிரேடு பட்டியல்) ஆர்டர் செய்யும்போது "கிரேடுகள் பதிவான பிறகு அனுப்பவும்" என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் வசந்த செமஸ்டர் இல்லாத பழைய டிரான்ஸ்கிரிப்ட்தான் போய்ச் சேரும். யூ.சி.க்கு அது ஜூலை 1-க்குள் போக வேண்டும், படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும், கோடையில் ஒரே ஒரு பாடம் எடுத்த பக்கத்து ஊர்க் கல்லூரி உட்பட.